நாயோடு பேருந்திலும் ரயிலிலும்: ஏறுவதற்கு முன்பே முடிய வேண்டிய வேலைகள்

வீட்டில் பாய்ந்து வாங்கித் தின்னும் ஒரு துண்டு வேகவைத்த கோழியை, ஓடும் பேருந்துக்குள் உங்கள் நாய் முகர்ந்துகூடப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா? அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுங்கள். அது குரைக்கவில்லை, யாரையும் தொந்தரவு செய்யவில்லை, "எவ்வளவு சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது" என்று பக்கத்தில் இருப்பவர் பாராட்டவும் செய்யலாம். ஆனால் பயம் ஓரளவைத் தாண்டிவிட்டால் நாய்க்குப் பசி அற்றுவிடும். வயிற்றைப் புரட்டினாலும் அப்படித்தான். காரணம் இரண்டில் எதுவானாலும் அந்தப் பயணத்தை நீட்டிக்கக் கூடாது. பயத்தோடு கடந்த பத்து நிறுத்தங்கள் நாயைப் பழக்காது. அடுத்த முறை பேருந்தைக் கண்டதுமே பின்வாங்கத்தான் கற்றுக்கொடுக்கும்.

அசையாமல் இருக்கும் நாயை அமைதியான நாய் என்று எடுத்துக்கொள்வதால்தான் பெரும்பாலான பயணங்கள் கெடுகின்றன. தூக்கம் வராதபோது விடும் கொட்டாவி, எதிரில் உணவு இல்லாதபோது உதட்டை நக்குவது, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டுவதால் ஓரத்தில் தெரியும் வெள்ளை, பின்னோக்கி ஒட்டிய காது, திடீரென்று கொட்டும் முடி, தரையில் பதியும் ஈரமான பாதத்தடம் ஆகியவற்றைப் பாருங்கள். நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் முக்கியமாகப் பாதத்தில்தான் இருக்கின்றன. குளிர்ந்த வண்டியில் பாதம் ஈரமாகிறதென்றால் அது பதற்றம்தான். குரைப்பும் உறுமலும் இவை எல்லாவற்றுக்கும் பிறகு வருபவை. ஏறியதிலிருந்து இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு சிறு துண்டைக் கொடுத்துக்கொண்டே வந்தால் நாயின் நிலை கண்ணுக்கு முன்னால் தெரிந்துவிடும். மெதுவாக வாங்கினால் நல்லது. விரலோடு சேர்த்து வெடுக்கென்று பிடுங்கினால் பதற்றம் ஏறுகிறது. வாங்கவே இல்லையென்றால் இறங்க வேண்டும்.

எல்லா நாயையும் கூட்டிப்போகலாம் என்பதில்லை. தடுப்பூசிகள் முடியாத குட்டி, பலர் நடமாடும் தரையில் கால் வைக்கவே கூடாது. ஆனால் 3 முதல் 14 வாரம் வரையிலான வயதில்தான் குட்டிக்கு உலகம் மிக எளிதாகப் பழகும். அந்த வாய்ப்பை விட்டுவிடவும் கூடாது. கையிலோ பையிலோ வைத்துக்கொண்டு நிறுத்தத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டு வருவது இதற்கு வழி. இனச்சேர்க்கைக் காலத்தில் இருக்கும் பெண்நாய், அறுவைசிகிச்சைத் தையல் ஆறாத நாய், மூட்டுவலியால் படி ஏறத் தயங்கும் கிழநாய் ஆகியவை வேறு வழியில் போகட்டும். அந்நியரைக் கடித்த வரலாறு உள்ள நாயை நெரிசலான பெட்டிக்குள் கொண்டுபோவது அதற்கும் கொடுமை, மற்றவர்களுக்கும் ஆபத்து. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்குக் குளிர்ந்த வேளை மட்டும்தான் ஏற்றது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

விதிகள் ஊருக்கு ஊர் மாறும். ஒரே ஊரிலேயே பேருந்துக்கு ஒன்று, ரயிலுக்கு ஒன்று என்றும் இருக்கும். நியூயார்க் சுரங்க ரயிலில் நாயைப் பைக்குள்ளோ பெட்டிக்குள்ளோ வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். லண்டன் சுரங்க ரயிலில் நடத்தியே கூட்டிப்போகலாம், ஆனால் நகரும் படிக்கட்டில் தூக்கிக்கொள்ள வேண்டும். ஜெர்மனியின் ரயில்களில் பெரிய நாய்க்கு டிக்கெட்டும் வாய்ப்பூட்டும் கேட்பார்கள். ஆகவே "நாயை ஏற்றுவார்களா?" என்ற ஒற்றைக் கேள்வி போதாது. அளவு அல்லது எடைக்கு வரம்பு உண்டா, நாயை வைக்கும் பெட்டியின் நீள அகலம் எவ்வளவு இருக்கலாம், வாய்ப்பூட்டு கட்டாயமா, நெரிசல் வேளையில் தடையா, ரயிலில் எந்தப் பெட்டி, எந்தக் கதவு, ஒரு வண்டியில் எத்தனை நாய் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அந்த விதி உள்ள பக்கத்தைப் படமெடுத்து கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் பேருந்து ஓட்டுநரின் முடிவே இறுதி என்று விதியிலேயே எழுதியிருக்கும். அவர் வேண்டாம் என்றால் வாதாடாமல் அடுத்த வண்டிக்குக் காத்திருப்பதே மேல். வீட்டு நாய்க்கு உதவிநாயின் சட்டையை மாட்டி ஏற்றுவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். பார்வையற்ற ஒருவரின் வழிகாட்டி நாயை அடுத்த வண்டிக்காரர் சந்தேகத்தோடு பார்க்க அதுவே காரணமாகிவிடும்.

வீட்டில் தொடங்கும் பயிற்சி

முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது ஒரு சிறு விரிப்பில் படுப்பது. அடியில் ரப்பர் பிடிப்புள்ள, சுருட்டிப் பையில் வைக்கக்கூடிய விரிப்பாகப் பாருங்கள். வீட்டில் அதை விரித்ததும் நாய் போய்ப் படுக்க வேண்டும், படுத்தால் தின்பண்டம் கிடைக்கும். முதலில் பத்து நொடி, பிறகு ஒரு நிமிடம், பிறகு நீங்கள் உணவு சாப்பிட்டு முடிக்கும் வரை என்று நீட்டுங்கள். வீட்டில் நன்றாக வந்த பிறகு வாசலில், பூங்காவில், கடைசியாகப் பேருந்து நிறுத்தத்தில் விரியுங்கள். விரிப்பு இரண்டு வேலை செய்கிறது. தெரியாத இடத்தில் தெரிந்த ஒரு மூலையைத் தருகிறது, பிரேக் போடும்போது வழவழப்பான தரையில் நாய் சறுக்காமல் காக்கிறது. நகம் வளர்ந்திருந்தால் பாதத்தின் மெத்தைப் பகுதி தரையில் சரியாகப் பதியாது. புறப்படும் நாளுக்குச் சில நாள் முன்பே நகத்தை வெட்டிவிடுங்கள்.

அடுத்தது ஒலி. மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாயின் காது 45,000 ஹெர்ட்ஸ் அளவுக்குக் கேட்கும். காற்று பிரேக் விடும் சீறலும் தண்டவாள வளைவில் சக்கரம் தேயும் கீச்சொலியும் நமக்குக் கேட்பதைவிட அதற்குக் கூடுதலாகவே கேட்கின்றன. அதனால் நிறுத்தத்திலிருந்து 15, 20 மீட்டர் தள்ளி நின்று வண்டிகள் வந்து போவதைப் பார்க்க வைப்பதிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு வண்டி வரும்போதும் ஒரு துண்டு கொடுங்கள், வண்டி போனதும் நிறுத்திவிடுங்கள். வரிசை முக்கியம்: வண்டி முதலில், உணவு பிறகு. மாற்றிச் செய்தால் உங்கள் கை பைக்குள் போவதே பயத்தின் முன்னறிவிப்பாகிவிடும். நாய் தளர்ந்து நின்று, வண்டி வந்தால் உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கிய பிறகு தூரத்தைக் குறையுங்கள்.

முதல் பயணம் ஒரே ஒரு நிறுத்தம். கூட்டமில்லாத வேளையில் ஏறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, நடந்தே வீடு திரும்புங்கள். பிறகு இரண்டு நிறுத்தம், நான்கு நிறுத்தம். ஒரு நாள் தடுமாறினால் மறுநாள் குறைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நாளில் பழகும் என்பது நாயைப் பொறுத்தது. தேதியை முன்கூட்டியே குறித்துவிட்டு அதற்குள் நாயை இழுத்துப் பழக்குவதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

வாய்ப்பூட்டு கட்டாயம் இல்லாத ஊரிலும் அதைப் பழக்கி வைப்பது நல்லது. நோய்வாய்ப்பட்ட நாளில் மருத்துவரிடமும் உதவும். வாங்கும்போது கூடை வடிவத்தையே வாங்குங்கள். துணிக்குழாய்போல வாயை இறுக்கி மூடும் வகை, மருத்துவர் ஊசி போடும் சில நிமிடங்களுக்கு மட்டுமே ஆனது. நாய் உடலைக் குளிரவைப்பது வாயைத் திறந்து மூச்சிரைப்பதால்தான். வாயைக் கட்டிவிட்டால் வெப்பம் வெளியேற வழியில்லை. கூடைக்குள் நாய் வாயை முழுதாகத் திறந்து நாக்கைத் தொங்கவிட முடிய வேண்டும், தண்ணீர் குடிக்க முடிய வேண்டும், மூக்கு நுனிக்கும் கூடையின் முன்பக்கத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்க வேண்டும். ஆழத்தை வாய் மூடியிருக்கும்போது அளந்து வாங்குவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஓடிவிட்டு வந்து மூச்சிரைக்கும்போது அளந்து பாருங்கள்.

பழக்குவது இப்படி. கூடையின் உட்புறத்தில் மென்மையான தின்பண்டத்தைத் தடவி, நாயே மூக்கை உள்ளே விடும்வரை காத்திருங்கள். நீங்கள் முகத்தில் மாட்டக் கூடாது. சில நாள் அப்படியே நக்கட்டும். பிறகு மூக்கு உள்ளே இருக்கும்போது வாரைக் காதுக்குப் பின்னால் தொட்டு எடுங்கள், அடுத்து ஒரு நொடி கொக்கியைப் போட்டுக் கழற்றுங்கள், பிறகு ஐந்து நொடி, பிறகு வீட்டுக்குள் இரண்டு அடி நடை. முன்னங்காலால் கூடையைப் பிய்க்கத் தொடங்கினால் வேகம் கூடிப்போயிற்று என்று பொருள், ஒரு படி பின்னால் போங்கள். சில வாரம் ஆகலாம். பயணத்தன்று காலையில் புதிதாக மாட்டிவிட்டுப் புறப்பட்டால், அந்த நாய் வழி முழுக்க முகத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டுதான் வரும்.

சிறிய நாய்க்குப் பை அல்லது பெட்டி. நின்றால் தலை இடிக்காமல், திரும்பிப் படுக்க இடம் இருக்க வேண்டும். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளமும், தரையிலிருந்து காது நுனி வரை உயரமும் அளந்து, அதைவிடச் சிறிது கூட்டி வாங்குங்கள். குறைந்தது மூன்று பக்கம் காற்று புக வேண்டும். பைக்குள் இருக்கும் குட்டைக் கொக்கியை ஹார்னஸில் (மார்பையும் தோளையும் சுற்றிக் கட்டும் பட்டையில்) மாட்டுங்கள், கழுத்துப்பட்டையில் வேண்டாம். நாய் எகிறிக் குதித்தால் கழுத்தில் தொங்கிவிடும்.

கதவு, இடைவெளி, நகரும் படி

பயணத்தில் உயிர்போகும் ஆபத்து இருக்கும் இடங்கள் இவை மூன்றும்தான். வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும்போது கெடுவதைச் சரிசெய்ய நேரம் இருக்கும். இங்கே இருக்காது.

ரயில் கதவும் லிஃப்ட் கதவும் மெல்லிய கயிற்றை உணராமல் மூடிக்கொள்ளக்கூடும். நீங்கள் உள்ளே, நாய் வெளியே, நடுவில் லீஷ் (நாயைப் பிடிக்கும் வார்) என்ற நிலையில் வண்டி நகர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. அதனால் நீண்டு சுருங்கும் லீஷை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். 1.2 முதல் 1.5 மீட்டர் வரை நீளமுள்ள சாதாரண வார் போதும். கதவுக்கு இரண்டு அடி முன்பே அதைக் கையில் சுருக்கி, நாயின் தோள் உங்கள் முழங்காலை ஒட்டியிருக்க, இருவரும் ஒரே நேரத்தில் உள்ளே போக வேண்டும். நாய் வாசலில் கால் ஊன்றி நின்றுவிட்டால் இழுக்காதீர்கள். நீங்களும் வெளியே வந்துவிடுங்கள், அந்த வண்டி போகட்டும். மூடப்போகும் மணி அடித்த பிறகு ஓடி ஏறுவது நாயோடு செல்பவர்களுக்கு ஆகாது.

பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் சிறிய நாயின் கால் முழுதாக இறங்கிவிடும். தூக்கிக்கொள்ளுங்கள். பெரிய நாய் நேராகத் தாண்டட்டும், சாய்வாக ஏறினால் பின்னங்கால் ஒன்று சரியாக இடைவெளியில் விழும். தூக்குவதற்கும் முறை உண்டு: ஒரு கை மார்புக்கு அடியில், மறு கை பின்தொடைகளுக்குக் கீழே. முன்னங்கால் இரண்டையும் பிடித்துத் தூக்கினால் தோள்மூட்டு நோகும்.

நகரும் படிக்கட்டில் நாயை நிற்க விடாதீர்கள். படி முடியும் இடத்தில் தகடு சீப்புப் பற்களாகப் பிளந்திருக்கும், படியின் வரிப்பள்ளங்கள் அந்தப் பற்களுக்குள் நுழைந்து மறையும். மனிதன் அங்கே காலைத் தூக்கி வைத்து இறங்கிவிடுகிறான். நாய்க்கு அது தெரியாது, அசையாமல் நிற்கும். விரலிடுக்கு முடியோ நகமோ முதலில் உள்ளே போகும், பின்னால் விரலே போகும். படிக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே உள்ள சந்திலும் இதே ஆபத்து. லிஃப்ட் எங்கே இருக்கிறது, சாதாரணப் படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று புறப்படும் முன்பே பார்த்து வையுங்கள். 30 கிலோ நாயைத் தூக்க முடியாது என்றால், லிஃப்டும் படிக்கட்டும் இல்லாத நிலையம் உங்கள் பாதையில் வரக் கூடாது.

கழுத்துப்பட்டை மட்டும் போட்ட நாய் மிரண்டு பின்னோக்கி இழுத்தால் தலை வழியாகக் கழன்றுவிடும். மார்பின் முன்னால் ஒய் வடிவில் சேரும் ஹார்னஸ், தோள் அசைவைத் தடுக்காது. இருமுனைக் கொக்கியுள்ள லீஷின் ஒரு முனையை ஹார்னஸிலும் இன்னொன்றைக் கழுத்துப்பட்டையிலும் மாட்டிவிட்டால், ஒன்று கழன்றாலும் மற்றது பிடிக்கும். பட்டையில் கைபேசி எண் பொறித்த தகடும், தோலுக்கடியில் மைக்ரோசிப்பும் இருக்கட்டும். சிப்பில் உள்ள 15 இலக்க எண் தானாக எதையும் சொல்லாது. அதோடு பதிவான உங்கள் கைபேசி எண் பழையதாக இருந்தால் சிப் இருந்தும் பயனில்லை.

நாய் கைநழுவித் தண்டவாளத்தில் இறங்கிவிட்டால் பின்னால் குதிக்காதீர்கள். மின்சாரம் பாயும் தண்டவாளங்கள் உண்டு. துரத்தினால் நாய் இன்னும் தூரம் ஓடும். உடனே நிலைய ஊழியரிடமோ அவசர பொத்தானிலோ சொல்லுங்கள், வண்டிகளை நிறுத்தவோ வேகம் குறைக்கவோ அவர்களால் மட்டுமே முடியும்.

வயிறு

கடைசி உணவு புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பு. வாந்தி எடுக்கும் வழக்கமுள்ள நாய்க்கு இன்னும் முன்பே. தண்ணீரை நிறுத்த வேண்டாம், சிறிது சிறிதாகக் கொடுங்கள். குட்டிகளுக்குப் பயணக் குமட்டல் அதிகம். உட்காதில் சமநிலையைக் காக்கும் அமைப்பு முழுதாக வளராதது அதற்கு ஒரு காரணம், வளர வளரப் பலவற்றுக்குக் குறைந்துவிடும். வடியும் எச்சில், அடிக்கடி விழுங்குவது, வழக்கத்துக்கு மாறான அமைதி ஆகியவை முன்னறிகுறி.

இருக்கை தேர்வு இதில் மிகவும் உதவும். பேருந்தில் பின்சக்கரத்துக்குப் பின்னால் ஆட்டம் அதிகம், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் குறைவு. அங்கே தரையில் படுக்க வையுங்கள். எஞ்சின் சூடோ ஹீட்டர் காற்றோ வரும் இடத்தைக் கையால் தொட்டுப் பார்த்துத் தவிர்த்துவிடுங்கள். இவ்வளவும் செய்து வாந்தி நிற்கவில்லை என்றால் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். மரோபிடன்ட் என்ற மருந்து நாய்களின் பயணக் குமட்டலுக்கென்றே உள்ளது. புறப்படுவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பு, சிறிதளவு உணவோடு கொடுப்பது வழக்கம். நாம் போடும் மாத்திரையைப் பாதியாக்கிக் கொடுக்கும் வேலை வேண்டாம். பயத்துக்கான மருந்தையும் மருத்துவரே முடிவு செய்யட்டும். அசிப்ரோமசின் என்ற அமைதிப்படுத்தும் மருந்தை மட்டும் கொடுத்தால் உடலின் அசைவு அடங்கும், உள்ளே பயம் அப்படியே இருக்கும். எந்தப் புது மருந்தையும் பயண நாளுக்கு முன்பே ஒரு முறை வீட்டில் கொடுத்து, அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

மலம், சிறுநீருக்குப் புறப்படும் முன் 15, 20 நிமிட நடை. நிலைய வாசலில் அவசரமாக நிறுத்தினால் நாய் போகாது. குறைந்தது மூன்று மலப்பை, உறிஞ்சும் விரிப்பு இரண்டு, காகிதத் துண்டு, ஒரு சிறு தண்ணீர்ப் புட்டி கையில் எட்டும் பையில் இருக்கட்டும். வண்டியிலேயே நடந்துவிட்டால் அள்ளி, துடைத்து, ஊழியரிடம் சொல்லிவிடுங்கள். பயத்தால் வரும் வயிற்றுப்போக்குக்கு நாயைத் திட்டினால் அடுத்த முறை இன்னும் மோசமாகும். நீண்ட ரயில் பயணத்தில் வளர்ந்த நாய் ஆறு முதல் எட்டு மணி நேரம் அடக்கும் என்றாலும் அவ்வளவு காக்க வைக்கக் கூடாது. நடுவில் இறங்கி அடுத்த வண்டி பிடிக்கும்படி பயணத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் நிற்கும் நிலையத்தில் இறக்கி ஏற்றுவது வேண்டவே வேண்டாம்.

உள்ளே போனதும் நடைவழியும் கதவோரமும் வேண்டாம். நாய் சன்னல் பக்கம் தரையில், நீங்கள் அதற்கும் மற்றவர்களுக்கும் நடுவில். லீஷைக் கம்பியில் கட்டாதீர்கள், பிரேக் போட்டால் கழுத்து இழுபடும். கையில் பிடித்து, படுப்பதற்கு வேண்டிய நீளம் மட்டும் விட்டு, மீதியைக் காலால் மிதித்துக்கொள்ளுங்கள். உட்காரும் முன்பே பக்கத்தில் இருப்பவரிடம் "நாய் இருக்கிறது, உங்களுக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டுவிடுங்கள். நாயைக் கண்டால் நடுங்குபவர்களும் ஒவ்வாமை உள்ளவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அது அவர்களுடைய வண்டிதான். தடவிக்கொடுக்க வரும் குழந்தையிடம் "இப்போது வேண்டாம் கண்ணா, அது பயணத்தில் இருக்கிறது" என்று சொல்லத் தயங்க வேண்டாம். இன்னொரு நாய் ஏறினால் வண்டியின் மறுமுனைக்கு நகருங்கள்.

வெப்பம் பற்றி. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41 டிகிரியைத் தொட்டால் உயிராபத்து. நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாவதால்தான் நாய் குளிர்கிறது. நெரிசலான பெட்டியில் காற்று ஏற்கெனவே ஈரமாக இருக்கும், ஆவியாதல் தடைபடும், எவ்வளவு மூச்சிரைத்தாலும் பலனிருக்காது. மூச்சுப்பாதை குறுகிய சப்பை மூக்கு நாய்களுக்கு இது இருமடங்கு சிரமம். மூச்சு சத்தமாகி, ஈறு செங்கல் நிறமாகி, நடை தள்ளாடினால் இறங்கி நிழலுக்குப் போய் உடல் முழுக்கத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விடாதீர்கள், அது வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். முதலில் குளிரவைத்து, பிறகு மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

திரும்பி வரும் பயணத்தைத் தனியாகத் திட்டமிடுங்கள். காலையில் நன்றாக வந்த நாய் மாலையில் அப்படி வரும் என்று எண்ண வேண்டாம். பகல் முழுக்கப் புதிய வாசனையும் ஆட்களும் சேர்ந்து அதன் பொறுமையைக் கரைத்திருக்கும், மாலைக் கூட்டமும் அதிகம். போன இடத்தில் ஒரு மணி நேரமாவது அமைதியான மூலையில் தூங்கவிடுங்கள், அலுவலக நேரக் கூட்டம் வடிந்த பிறகு ஏறுங்கள். முடியாத நாளுக்கென்று நாயை ஏற்றிக்கொள்ளும் வாடகை வண்டியின் எண்ணைக் காலையிலேயே விசாரித்து வைத்திருங்கள்.